கிளட்ச்: வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 1992 மாடல் மாஸ்டா மியாட்டா இருக்கிறது. நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின்தான் கத்துகிறது, வேகம் கூடவில்லை. கிளட்சை நானே மாற்ற முடியுமா? (வாசகர், டொரண்டோ)

பதில்: தாராளமாக. நீங்கள் சொல்வது தேய்ந்த கிளட்ச் வழுக்குவதற்கான அடையாளம். கியர் விழவே அடம்பிடித்தால்தான் ஹைட்ராலிக் பக்கம் (பெடலின் அழுத்தத்தைத் திரவம் மூலம் கிளட்சுக்குக் கொண்டுபோகும் அமைப்பு) பார்க்க வேண்டும். பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) என்றால் இன்ஜினையே தூக்கியாக வேண்டும். மியாட்டாவில் கியர் பாக்ஸை இறக்கினால் போதும். காரை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்க வேண்டாம். கியர் பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பகுதி) இணைக்கும் நீள அலுமினியச் சட்டத்தைக் கழற்றி, அவ்விரண்டுக்கும் இடையே சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்டை உருவ வேண்டும். உருவும் முன் கியர் ஆயிலை வடித்துவிடுங்கள். நான் வடிக்காமல் உருவி, சட்டைக் காலர் வரை நனைந்தவன்!

பொறுமையைச் சோதிப்பது கியர் பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் மேல் போல்ட்டுகள்தான். ஸ்பேனரின் நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பியைப் பின்னாலிருந்து விட்டுத் தடவித் தடவிக் கழற்ற வேண்டும். அப்புறம், புது கிளட்ச் டிஸ்க்கை மாட்டும்போது அதில் ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்கட்டும். முதல் தடவை நான் திருப்பி மாட்டி, எல்லாவற்றையும் மறுபடி இறக்கினேன். டிஸ்க்கை நடுவில் நிறுத்த அலைன்மென்ட் கருவி அவசியம். ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிப்பது), பைலட் பேரிங் (கியர் பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது) இரண்டையும் கையோடு மாற்றிவிடுங்கள். கியர் பாக்ஸை ஏற்றும்போது கூட ஒரு ஆள் இருக்கட்டும்.