டைப் 1 சர்க்கரை இருந்தால் பிளேட்லெட் நார்மலாக இருந்தும் இரத்தம் சீக்கிரம் உறையுமா?

ரிப்போர்ட்டில் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் சின்ன அணுக்கள்) நார்மல், ஆனால் டைப் 1 என்பதால் இரத்தம் எளிதில் உறையும் என்கிறார்களே, ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்து டைப் 1தான். டாக்டர் இல்லை, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் பிளேட்லெட் என்றாலே டெங்குதான். எண்ணிக்கை ஏறியதா, இறங்கியதா, பப்பாளி இலைச் சாறு கொடுத்தீர்களா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நம் விஷயம் வேறு. எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், குணம்தான் மாறுகிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் பிளேட்லெட்டுகளை அடக்கி வைத்திருக்கும். சர்க்கரை நாள்கணக்கில் ஏறியே கிடந்தால் அந்தப் பிடி தளர்கிறது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் பார்க்கிறோமே, ஹீமோகுளோபினோடு ஒட்டுகிற அதே குளுக்கோஸ், பிளேட்லெட்டின் மேலுறைப் புரதங்களிலும் ஒட்டுகிறது. பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டத் தூண்டும் திராம்பாக்சேன் என்ற பொருளும் கூடுகிறது. அப்புறம் தொட்டதற்கெல்லாம் சண்டைக்கு வரும் ஆள் மாதிரிதான். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: சர்க்கரை 'லோ' ஆகும்போது பாய்கிற அட்ரினலினும் பிளேட்லெட்டை உசுப்பும்.

சிபிசி (இரத்த அணுக்களை எண்ணும் சோதனை) ரிப்போர்ட்டில் எம்பிவி என்று ஒரு வரி இருக்கும், பிளேட்லெட்டின் சராசரி அளவு. பெரியவை பொதுவாக அதிகத் துடிப்பானவை. அதற்காக அந்த எண் கொஞ்சம் கூடியதும் பதற வேண்டாம். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் லேபில் சும்மா கிடந்தாலே பிளேட்லெட் உப்பிவிடும்.

சரி, ஆஸ்பிரின். பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது. திராம்பாக்சேனைச் செய்ய உதவும் நொதியை ஆஸ்பிரின் முடக்கிவிட்டால், அதை அது திரும்பச் செய்துகொள்ள முடியாது, வாழும் 7 முதல் 10 நாளும் அப்படியே இருக்கும். ஆனால் சர்க்கரைக்காரர்கள் பலருக்குப் புதுப் பிளேட்லெட் வேகமாக வந்து சேர்வதால், ஒரு மாத்திரையின் பலன் 24 மணி நேரத்துக்குள்ளேயே குறையத் தொடங்கலாம். 2018-ல் வெளியான பிரிட்டனின் அசெண்ட் ஆய்வில் 15,480 சர்க்கரை நோயாளிகள், பெரும்பாலும் டைப் 2. தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 8.5 சதவீதம், எடுக்காதவர்களில் 9.6. பெரிய இரத்தக்கசிவோ எடுத்தவர்களில் 4.1, எடுக்காதவர்களில் 3.2. ஒரு பக்கம் கிடைத்தது மறு பக்கம் போய்விட்டது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் கணக்கு வேறு, அவர்கள் நிறுத்தக் கூடாது. வீட்டில் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள்.

டைப் 1-க்கென்றே நடந்தது அமெரிக்கா, கனடாவின் டிசிசிடி ஆய்வு, 1,441 பேர். சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்திய குழுவில் இதய, இரத்தக்குழாய் பாதிப்புகள் 42 சதவீதம் குறைந்ததாக 2005-ல் வெளியிட்டார்கள். அந்தப் பலன் பிளேட்லெட்டால் மட்டும் வந்ததில்லைதான். ஆனாலும் நான் மாத்திரையைவிட இதைத்தான் நம்புவேன்.

அடுத்த முறை டாக்டரிடம் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) எவ்வளவு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் பார்த்தாயிற்றா, பிரஷர் எப்படி என்று கேளுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள், அதுவும் பிளேட்லெட்டைக் கிளப்பிவிடும்.