கைரோபிராக்டிக் அப்புறம், கால்நடை மருத்துவம் முதலில்

கொடைக்கானலில் இருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் மகள், நாய்க்கும் குதிரைக்கும் கைரோபிராக்டிக் செய்யும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், ஆன்லைனில் சில வாரச் சான்றிதழ் படிப்புக்குப் பணம் கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் கட்டாதீர்கள். ஆனால் அவள் ஆசைக்குத் தடை போடவும் வேண்டாம். அதற்கு நேரான வழி இருக்கிறது.

கைரோபிராக்டிக், பார்ப்பதற்கு நம் ஊரில் சுளுக்கு எடுப்பதைப் போலத்தான் இருக்கும். இறுகிப்போன முதுகெலும்பு மூட்டில் கையால் சட்டென்று அளவான அழுத்தம் கொடுத்து அசைவைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். 'படக்' என்று சத்தம் வந்ததும் விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று வீடியோவில் சொல்வதை நம்ப வேண்டாம். உண்மையிலேயே எலும்பு விலகியிருந்தால் அது கையால் சரிசெய்யக்கூடிய காயமே அல்ல. இந்தச் சிகிச்சையின் பலனுக்கான ஆய்வுச் சான்றும் இன்னும் குறைவுதான்.

உங்கள் ஊர் ஏரிக்கரைச் சவாரிக் குதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகு வலிக்கும் குதிரை, சேணத்தின் வாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்கத் திரும்பும். முதுகுத்தண்டின் ஓரமாக விரலை அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் தசை துடித்து முதுகு தாழும். வலி அங்கே. காரணம் வேறெங்கோ இருக்கலாம்: சேணம் பொருந்தாமல் இருக்கலாம், லாடம் சரியில்லாமல் காலைத் தாங்கித் தாங்கி நடந்ததில் முதுகு இறுகியிருக்கலாம். அதைப் பார்க்காமல் முதுகை மட்டும் அழுத்தினால் அடுத்த சவாரியிலேயே வலி திரும்பிவிடும். நாய் விஷயத்தில் ஆபத்து இன்னும் அதிகம். டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களுக்கு இளவயதிலேயே முதுகு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு) கெட ஆரம்பிக்கும். டிஸ்க் பிதுங்கியது தெரியாமல் முறுக்கினால் தண்டுவடம் நசுங்கி பின்னங்கால்கள் செயலிழந்துவிடலாம். எந்த முதுகில் கை வைக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். சில வாரத்தில் அது வராது.

சட்டமும் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவுபெற்ற கால்நடை மருத்துவர்தான் விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கலாம். மனிதர்களுக்கான பிசியோதெரபி பட்டமும் இதற்குப் போதாது.

ஆகவே பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பைப் படிக்கட்டும். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் உடுமலைப்பேட்டையிலும் தேனியிலும் இருக்கின்றன. உங்களுக்கு இரண்டும் பக்கம்தான். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு கைரோபிராக்டிக் கற்க வெளிநாட்டில் முறையான படிப்புகள் உண்டு. அமெரிக்காவின் கால்நடை கைரோபிராக்டிக் சங்கத்தின் சான்றிதழுக்கு இருநூறு மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மலையில் இதை மட்டும் நம்பிப் பிழைப்பது கஷ்டம். மாடு, ஆடு, நாய் என்று எல்லாவற்றையும் பார்க்கும் மருத்துவராக இருந்துகொண்டு இதையும் செய்வதுதான் நடக்கக்கூடியது. குதிரை மட்டுமே வேண்டுமென்றால் பெங்களூரு, புனே மாதிரி பந்தயக் குதிரைகள் இருக்கும் ஊருக்குப் போக நேரிடும்.

இப்போதைக்கு, விடுமுறை நாட்களில் அரசு கால்நடை மருத்துவமனையில் அனுமதி கேட்டு, கூட நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாணியும் ரத்தமும் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தைரியமாக விண்ணப்பியுங்கள். சாதிச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான் என்றால் அதற்கான சான்றிதழ், இரண்டையும் தேர்வு முடிவு வருவதற்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.