குழுச் சிகிச்சைக்குக் கணவர் தயங்குகிறார்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவர் வேலைக்கு அனுப்பிய ஊர்க்காரத் தம்பி ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து, அவர் கண்ணெதிரிலேயே இறந்துபோனார். அன்றிலிருந்து இவருக்குச் சரியான தூக்கமில்லை. மேல்வீட்டில் யாராவது எதையாவது கீழே போட்டாலும் நடுங்கிப்போகிறார். "நான்தான் அவனை ஏறச் சொன்னேன்" என்று புலம்புகிறார். பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனஉளைச்சல் என்று மருத்துவமனையில் சொல்லி, சில மாதங்களாகத் தனிச் சிகிச்சை அளிக்கிறார்கள். இப்போது குழுச் சிகிச்சையிலும் சேரும்படி உளவியலாளர் சொல்கிறார். "பிறர் முன்னால் அழ என்னால் முடியாது, அவர்கள் துயரத்தையும் நான் சுமக்க வேண்டுமா?" என்று கேட்கிறார் இவர். வெளியே தெரிந்தால் இப்போதைய கிடங்கு வேலைக்குச் சிக்கல் வருமோ என்ற பயமும் இருக்கிறது. நான் வற்புறுத்தலாமா? உடன் போய் உட்காரலாமா? (ஈசூன் வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வற்புறுத்த வேண்டாம். ஆனால் எதை மறுக்கிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகு அவர் மறுக்கட்டும். குழுச் சிகிச்சை என்றதும், நடந்ததையெல்லாம் பலர் முன்னிலையில் விவரிக்க வேண்டும் என்று அவர் எண்ணிக்கொள்கிறார் எனத் தோன்றுகிறது. பெரும்பாலான குழுக்கள் அப்படி நடப்பதில்லை. சில குழுக்களில் கடந்தகாலச் சம்பவத்தைப் பற்றிப் பேசுவதே கிடையாது. தூக்கம், கோபம், திடீர்ப் பதற்றம், குடும்பத்தாரிடமிருந்து விலகிப்போவது போன்ற இன்றைய சிரமங்களை எப்படிச் சமாளிப்பது என்பதை மட்டும் பேசிப் பழகுகிறார்கள். வேறு சில குழுக்கள் அந்தச் சம்பவம் மனத்தில் விதைத்துவிட்ட எண்ணங்களை எடுத்து ஆராய்கின்றன. அங்கும்கூட, கேட்பவரை உலுக்கும் காட்சி விவரங்களைத் தனிச் சிகிச்சைக்கு ஒதுக்கிவிட்டு, அவற்றிலிருந்து பிறந்த முடிவுகளைப் பற்றி மட்டும் குழுவில் பேசும்படி நடத்துநர் பார்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆகவே உளவியலாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த வகைக் குழு என்பதைத்தான். பிறர் கதையைச் சுமக்க நேருமோ என்ற அச்சத்துக்கான விடை பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

பொதுவாக ஆறு முதல் பத்துப் பேர், பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ நடத்த, வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடுவார்கள். பல குழுக்கள் பன்னிரண்டு வாரங்களை ஒட்டி நிறைவடைகின்றன. சேர்வதற்கு முன் நடத்துநர் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்துப் பேசுவதே முறையான நடைமுறை. பேச மனமில்லாத நாளில் பேசாமல் இருக்கவும், தாங்க முடியாதபோது எழுந்து வெளியே சென்று திரும்பவும் அனுமதி உண்டா என்பதை அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்திய வரிக்கு வருகிறேன். "நான்தான் அவனை ஏறச் சொன்னேன்." அவரிடம் நீங்கள் எத்தனையோ முறை "உங்கள் தவறில்லை" என்று சொல்லியிருப்பீர்கள், அது அவர் மனத்தில் ஏறியிருக்காது. மனைவி என்பதால் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவர் அதை ஒதுக்கிவிட முடியும். குழுவில் நடப்பது வேறு. விபத்தில் நண்பனை இழந்த ஒருவர், தீயிலிருந்து தாயைக் காப்பாற்ற முடியாமல் போன ஒருவர், இப்படிப் பலர் தங்கள் மீது தாங்களே எழுதிக்கொண்ட தீர்ப்பை அங்கே வாய்விட்டுச் சொல்வார்கள். அதைக் கேட்கும் உங்கள் கணவருக்கு, பின்னால் தெரியவந்ததை வைத்து அந்த மனிதர் முன்னால் செய்ததற்குத் தண்டனை கொடுத்துக்கொள்கிறார் என்பது உடனே புலப்படும், "அந்த நேரத்தில் உங்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?" என்று அவரே கேட்பார். பிறருக்காகத் தன் வாயால் கேட்ட அந்தக் கேள்வியைப் பிறகு தனக்கும் கேட்டுக்கொள்ளாமல் இருப்பது கடினம். தனி அறையில் எவ்வளவு திறமையான நிபுணர் இருந்தாலும் இந்த அனுபவத்தை அவரால் தர இயலாது என்றே நான் கருதுகிறேன்.

இந்த நோய் மருத்துவ உலகில் அங்கீகாரம் பெற்றதிலேயே இத்தகைய கூட்டங்களுக்குப் பங்கு உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1970இல் நியூயார்க்கில் ஒன்றுகூடிப் பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷாட்டன் என்ற மனநல மருத்துவர்கள் அவர்களோடு அமர்ந்து கேட்டார்கள். அங்கே கேட்டவற்றை அவர்கள் விடாமல் எடுத்துரைத்ததும் ஒரு காரணமாகத்தான், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட கையேட்டில் இது தனி நோயாக முதன்முறை இடம்பெற்றது.

ஆயினும் குழுவைத் தனிச் சிகிச்சைக்கு மாற்றாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க ராணுவத்தினர் 268 பேரிடம் ஒரே சிகிச்சை முறையைத் தனியாகவும் குழுவாகவும் அளித்து ஒப்பிட்ட, 2017இல் வெளியான ஆய்வில், இரு தரப்பினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. தனியாகப் பெற்றவர்களுக்கே அது கூடுதலாக இருந்தது. உங்கள் கணவருக்கு இரண்டையும் சேர்த்துப் பரிந்துரைத்திருப்பது நல்ல ஏற்பாடு. தனிச் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே தெரியவரும் என்ற அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. தேக்காவுக்கோ கோயிலுக்கோ போனால் நான்கு தெரிந்த முகங்களைப் பார்க்காமல் திரும்ப முடியாத சின்ன ஊர் இது. மருத்துவமனை உங்கள் கணவரின் சம்மதமின்றி முதலாளியிடம் எதையும் சொல்லாது. வேலையிட நியாயத்தைக் காக்க நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய சட்டமும், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் மனநலப் பாதிப்பைச் சேர்த்திருக்கிறது. சக உறுப்பினர்கள் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுப்பார்கள். அது வாக்குறுதி மட்டுமே என்பதும் உண்மைதான். தெரிந்தவர் யாரேனும் இருந்தால் தன்னை வேறு குழுவில் சேர்க்க முடியுமா என்று அவர் முன்கூட்டியே கேட்கலாம். எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் கேளுங்கள். மனத்தின் அடியில் கிடப்பதை ஆங்கிலத்தில் சொல்லத் திணறுபவர் அங்கே வாயடைத்துப்போய், மீண்டும் தனிமையையே உணரக்கூடும்.

அவர் சேர்ந்தால், முதல் சில வாரங்களில் கெட்ட கனவுகளும் எரிச்சலும் சற்றுக் கூடலாம். பலர் விலகிவிடுவது அந்தக் கட்டத்தில்தான். வீடு திரும்பியதும் "என்ன பேசினார்கள்?" என்று விசாரிக்காமல் சாப்பாடு போடுங்கள், கூடிய சிரமத்தை நடத்துநரிடம் சொல்லும்படி மட்டும் நினைவூட்டுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு எப்போதாவது எழுந்தால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூர் அபயஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணும் மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995ஐ அழையுங்கள்.

நீங்கள் உடன் உட்காரலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கென நடக்கும் குழுவில் பொதுவாகக் குடும்பத்தார் அமர்வதில்லை. உங்கள் முன்னிலையில் அவர் உங்களைக் காயப்படுத்தாத சொற்களைத் தேடிக்கொண்டே இருப்பார் என்பதால், அது அவருக்கும் நல்லதுதான். மருத்துவமனை வரை சேர்ந்து போய்விட்டு, அந்த ஒன்றரை மணி நேரத்தை உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளாக அவரோடு சேர்ந்து நீங்களும் சரியாக உறங்கியிருக்க மாட்டீர்கள். மனநலம் பாதிக்கப்பட்டவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு, கேர்கிவர்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு இங்கே இலவசப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. கணவர் குழுவில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நீங்கள் அதில் பெயர் கொடுத்துவிடுங்கள்.