மெயிலில் ஆறு மணி, வாட்ஸ்அப்பில் நான்கு மணி

ஏற்றுமதி ஏஜென்சியில் வேலை செய்கிறேன். எண்ணூர் துறைமுகத்துக்குள் கண்டெய்னர் போகவேண்டிய கடைசி நேரம் மெயிலில் மாலை 6. அதே கப்பல் கம்பெனியின் வாட்ஸ்அப் செய்தியில் 4. மனம் கோணாமல் ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது?
(திருவொற்றியூர் வாசகி)

"இஸ் இட் கரெக்ட்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "யெஸ்" என்று ஒற்றைச் சொல் வரும். எதற்கு யெஸ் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தகவலையும் அருகருகே வையுங்கள்: "த மெயில் சேஸ் சிக்ஸ் பி.எம்., பட் டுடேஸ் மெசேஜ் சேஸ் ஃபோர். விச் ஒன் ஷுட் வி ஃபாலோ?" இங்கே மாட்டிக்கொள்வது மெயில்தான், அதை அனுப்பியவர் அல்ல. "யூ செட்" என்று ஆரம்பித்தால் ஆளைக் கூண்டில் ஏற்றியதாகிவிடும்.

லிங்கிச் செட்டித் தெரு அலுவலகம் ஒன்றில் வேலை பழகிய நாட்களில், "ஆஸ் யூ ராங்லி மென்ஷன்டு" என்று பெருமையாக ஒரு கடிதம் எழுதினேன். மூன்று நாள் பதிலே இல்லை. "தேர் சீம்ஸ் டு பி எ மிஸ்மேட்ச்" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே வந்திருக்கும். நம் 'போலிருக்கிறது' செய்கிற வேலையை அந்த 'சீம்ஸ்' செய்கிறது.

பதில் வரும்வரை 4 மணியையே நம்புங்கள். எண்ணூர் விரைவுச் சாலையின் லாரி வரிசைக்கு எந்த ஆங்கிலமும் புரியாது.

"ஐ ஹேவ் எ டவுட்" என்றேன்; வெளிநாட்டு மேலாளரின் முகம் மாறியது. ஏன்?
(மணலி வாசகர்)

நமக்குச் சந்தேகம் என்றால் கேள்வியும்தான், அவநம்பிக்கையும்தான். அவர் காதில் 'டவுட்' பெரும்பாலும் இரண்டாவதாகவே விழும். "ஐ ஹேவ் எ க்வெஸ்சன்" போதும்.

இரண்டு மேலதிகாரிகள், இரண்டு உத்தரவுகள். யாரிடம் கேட்பது?
(தண்டையார்பேட்டை வாசகர்)

இருவரையும் ஒரே மெயிலில் சேருங்கள். தனித்தனியாகக் கேட்டால் கோள் சொன்ன பெயர்தான் மிஞ்சும். "ஐ வாண்ட் டு மேக் ஷூர் ஐ ஹேவ் அண்டர்ஸ்டுட் திஸ் கரெக்ட்லி" என்று தொடங்கி, இரண்டு உத்தரவையும் தேதியோடு எழுதுங்கள். தேதியில் மாதத்தின் பெயரை எழுத்தில் போடுங்கள். 05/04 என்றால் நமக்கு ஏப்ரல் 5, அமெரிக்கருக்கு மே 4.

போனில் ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா என்றே தெரிவதில்லை.
(ராயபுரம் வாசகி)

"ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?" என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள். கண்டெய்னர் எண்ணிலாவது 4 எழுத்து, 6 இலக்கத்துக்குப் பின்னால் தவறைக் காட்டிக்கொடுக்க 1 சரிபார்ப்பு இலக்கம் உண்டு. மூட்டைக் கணக்குக்கு அந்தக் காவல் கிடையாது. போனை வைக்கும் முன் "லெட் மீ ரீட் தட் பேக் டு யூ" என்று சொல்லி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள்.