சிறிய பிலிமில் ஹாலிவுட் இசைப் படங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஹாலிவுட்டின் பழைய இசைப் படங்களை சூப்பர் 8 பிலிமில் சேகரிக்க விரும்புகிறேன். முழுப் படங்களைத் தேடுவதா, சுருக்கி விற்ற சுருள்களிலிருந்து தொடங்குவதா?

பதில்: சுருக்கிய சுருள்களிலிருந்தே தொடங்குங்கள், செலவை மட்டும் எண்ணி இதைச் சொல்லவில்லை. 1965-இல் கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய, 8 மில்லிமீட்டர் அகலமுள்ள சூப்பர் 8 பிலிமில் ஓர் அடிக்கு 72 பிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) இருப்பதால், ஒலிப்படத்துக்குரிய நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் 200 அடிச் சுருள் பத்து நிமிடமும், 400 அடிச் சுருள் இருபது நிமிடமும் ஓடும். வீடியோ கேசட் பரவுவதற்கு முன்பு, வீட்டில் படம் போட்டுப் பார்க்க விரும்பியவர்களுக்காக முழுநீளப் படங்களை இந்த அளவுகளுக்குள் வெட்டி விற்றார்கள். துப்பறியும் கதை ஒன்றை இருபது நிமிடமாக வெட்டினால் கொலையும் கைதும் மட்டுமே மிஞ்சும். இசைப் படத்தின் பாடல் காட்சியோ தனக்கென ஒரு தொடக்கமும் உச்சமும் முடிவும் கொண்டது. கதையிலிருந்து பிரித்தெடுத்தாலும் அது குறைபட்டு நிற்பதில்லை. 1935-இல் வெளிவந்த 'டாப் ஹாட்' படத்தில் ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் ஆடும் நடனத்தை ரசிப்பதற்கு, அந்தப் படத்தின் ஆள்மாறாட்டக் குழப்பம் முழுவதையும் அறிந்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

எந்த நடனக் காட்சி சிறிய பிலிமுக்குப் பொருந்தும் என்பதையும் பார்க்க வேண்டும். சூப்பர் 8 பிரேமின் உயரம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். தலை முதல் கால் வரை முழு உருவமும் தெரிய வேண்டும், ஆட்டத்தை நடுவில் வெட்டக் கூடாது என்பதில் அஸ்டேர் பிடிவாதமாக இருந்ததால், அவருடைய காட்சிகளில் ஒன்றிரண்டு உருவங்கள் பிரேமை நிரப்பி நிற்கும். முகம் சற்றுத் தெளிவு குறைந்தாலும் கால்களின் பேச்சு கேட்கும். நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி அமைத்த, உயரத்திலிருந்து பார்க்கும்போது பல பெண்கள் சேர்ந்து பூவாக விரியும் காட்சிகளோ இந்த அளவில், அதுவும் சூப்பர் 8-க்கு முந்தைய, பிரேம் இன்னும் சிறிதான பழைய 8 மில்லிமீட்டர் பிரதியில், வெறும் புள்ளிக் கோலமாகிவிடுகின்றன. அவற்றை அகலம் கூடிய 16 மில்லிமீட்டர் பிலிமில் தேடுவதே நல்லது.

முழுப் படம் வேண்டுமென்றால் அலமாரியில் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். 103 நிமிடம் ஓடும் 'சிங்கின் இன் த ரெயின்' (1952) போன்ற ஒரு படத்துக்கு 2,000 அடிக்கு மேல் பிலிம் ஆகும்; 600 அடிச் சுருள்களாக இருந்தால் நான்கு.

கேள்வி: படம் டெக்னிகலரில் எடுக்கப்பட்டது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் நிறம் மங்காது என்று நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். படம் எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பது வேறு, உங்கள் கையிலிருக்கும் பிரதி எந்த பிலிமில் எடுக்கப்பட்டது என்பது வேறு. டெக்னிகலரின் சாய அச்சு முறையில் மூன்று சாயங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே பதிக்கப்பட்டன. அந்தப் பிரதிகள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. அந்த முறை அமெரிக்காவில் 1970-களின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டது. வீட்டு உபயோகத்துக்கான வண்ணப் பிரதிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்மன்கலர் போன்ற சாதாரண பிலிம்களில் எடுக்கப்பட்டவை. அவற்றில் நீலப்பச்சைச் சாயமும் மஞ்சள் சாயமும் முதலில் கரைந்துபோக, எஞ்சிய சாயம் எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்கிவிடும். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தில் பழுப்பு நிறத்திலிருக்கும் கான்சாஸ் காட்சிகள் முடிந்து, கதவு திறந்ததும் வண்ண உலகம் விரிகிறது; சிவந்துபோன பிரதியில் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான்.

வாங்குவதற்கு முன் சில அடிகளை அவிழ்த்து வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டிய நிழல்கள் செம்பழுப்பாகத் தெரிந்தால் சாயம் போய்விட்டது. 1980-களின் தொடக்கத்தில் நிறம் எளிதில் மங்காத பிலிம் வந்ததால், அதற்குப் பின் எடுத்த பிரதிகளை ஓரளவு துணிந்து வாங்கலாம். என் யோசனையைக் கேட்டால், முதல் சில சுருள்கள் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். 1930-களின் இசைப் படங்களில் பெரும்பாலானவை அப்படி எடுக்கப்பட்டவைதான். மங்குவதற்கு அவற்றில் சாயம் இல்லை.

பெட்டியைத் திறந்ததும் மூக்கையும் பயன்படுத்துங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும். ஒலிக்காகப் பூசிய காந்தப் பட்டை இந்தச் சிதைவை விரைவுபடுத்தும். அப்படிப்பட்ட சுருளை மற்றவற்றிலிருந்து உடனே விலக்கி வையுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய நடனச் சுருளில் ஓர் ஒட்டு இருக்கிறது. அந்த இடத்தில் தாளம் இரண்டு முறை தடுக்குகிறது. புரொஜெக்டரில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. சூப்பர் 8 பிலிமில் ஒரு பிரேமுக்குரிய ஒலி அந்தப் பிரேமுக்கு 18 பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். அறுந்த இடத்தில் சில பிரேம்களை நீக்கி ஒட்டியிருந்தால், ஒட்டு முதலில் விளக்கின் முன் கடக்கும்போது படம் துள்ளும். முக்கால் நொடி கழித்து அதே ஒட்டு ஒலி முனையைத் தொடும்போது பாட்டு துள்ளும். உரையாடல் காட்சியில் இது பெரிதாகத் தெரியாது, காலணித் தட்டல் நடனத்தில் மறைக்கவே முடியாது. ஆகவே இசைச் சுருளைப் பொறுத்தவரை, ஒட்டுகள் பாடலுக்குள் விழுந்திருக்கின்றனவா, பேச்சுப் பகுதியில் விழுந்திருக்கின்றனவா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும். வேக விசையையும் ஒரு முறை பாருங்கள். மௌனப் படத்துக்குரிய 18 பிரேம் வேகத்தில் ஓட்டினால் பாடகியின் குரல் ஆண் குரலாக இறங்கிவிடும்.

கேள்வி: இவற்றை வைத்திருப்பது சட்டப்படி சரியா?

பதில்: வீட்டு உபயோகத்துக்கென வெளிப்படையாக விற்ற சுருள்களை வைத்திருப்பதிலும் மறுபடி விற்பதிலும் தடை ஏதும் இல்லை, பொதுவில் திரையிடத்தான் உரிமை பெற வேண்டும். வாடகைக்கு விடப்பட்டு, விற்கப்படாமலே வெளியே கசிந்த 16 மில்லிமீட்டர் பிரதிகளின் கதை வேறு. 1974-இல் நடிகர் ராடி மக்டவலின் வீட்டில் எஃப்.பி.ஐ. சோதனையிட்டு அவருடைய பிலிம் சேகரிப்பைக் கைப்பற்றியபோது, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பலர் நெடுநாள் வாய் திறக்கவில்லை.

கேள்வி: சிவந்துபோன சுருளைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: போன சாயம் பிலிமில் திரும்பாது. லென்ஸுக்கு முன்னால் வெளிர் நீலப்பச்சைக் கண்ணாடி ஒன்றை வைத்தால் சிவப்பு சற்று அடங்கி முகங்கள் பார்க்கும்படியாக இருக்கும். அதற்குப் பதிலாகத் திரை மங்கும். விளக்கின் வெளிச்சம் வலுவாக இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.