பூட்டிய வீடும் ஐப்பசி மழையும்: வாசகர் கேள்விகளுக்குக் கட்டடப் பொறியாளர் பதில்கள்

கேள்வி: உசிலம்பட்டி அருகே எங்கள் பூர்வீக ஓட்டு வீடு எட்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும்?

பதில்: எத்தனை ஓடுகள் நழுவியிருக்கின்றன, கறையான் ஏறியிருக்கிறதா என்பதை எழுதாமல் ஆயுளை மட்டும் கேட்கிறீர்கள், ஜோதிடர்கூடப் பிறந்த நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வார். ஓர் ஓடு விலகிய இடத்தில் இரண்டு மூன்று ஐப்பசி மழைகள் இறங்கினால் ஓடுகளைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டமான ரீப்பர் உளுத்துவிடும். அதன்மேல் இருக்கும் ஓடுகள் சரிந்து, அடுத்த சில ஆண்டுகளில் ரீப்பரைத் தாங்கும் கைமரத்தின் முனை சுவருக்குள்ளேயே மக்கிப்போகும். புரட்டாசிக்குள் ஆள் விட்டு ஓடு மாற்றுங்கள்.

கேள்வி: சோழவந்தானில் தாத்தா கட்டிய சுண்ணாம்புக் காரை வீட்டின் பூச்சு உதிர்கிறது. ஊருக்குப் போகும் முன் முழுவதும் சிமெண்ட் பூசிவிட்டால் கவலை இல்லைதானே?

பதில்: இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினாலும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விடும். பழைய செங்கல் இத்தனை காலம் பிழைத்திருப்பது அதனால்தான். அதன்மேல் சிமெண்டைப் பூசினால், மேலிருந்து விரிசல் வழியாக இறங்குகிற நீரும் கீழே தரையிலிருந்து ஏறுகிற நீரும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். பிறகு உப்பு பூத்து, பூச்சு பாளம் பாளமாகச் செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். மாசி வீதிப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் நான் தடுத்தும் கேளாமல் அப்படிப் பூசினார். நான்காம் மழைக்குள் சுவரில் பாதிக்கு மேல் உப்பியிருந்தது. கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் நன்றாக நீர்த்த சுண்ணாம்பையும் மணலையும் கலந்து பூசச் சொல்லுங்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாகத்தான் இறுகும் என்பதால் அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: திருமலை நாயக்கர் மகால் ஏறக்குறைய 400 ஆண்டுகள் நிற்கும்போது எங்கள் வீடு 15 ஆண்டுகளில் ஒழுகுவது ஏன்?

பதில்: 1636-இல் எழுந்த அந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதி மட்டுமே. பேரன் சொக்கநாதர் காலத்தில் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டது. எஞ்சியதும் சிதைந்து கிடந்து, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு செப்பனிடச் செய்ததால்தான் நிமிர்ந்தது. உங்கள் மாடியில் மழைநீர் வெளியேறும் தூம்புவாயைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்?

கேள்வி: திருமங்கலம் வீட்டின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று, வெட்ட வெட்டத் தளிர்க்கிறது.

பதில்: நீங்கள் செய்வது கவாத்து, வெட்டினால் செடி இன்னும் தழைக்கத்தான் செய்யும். நான்கு செங்கல்லைப் பிரித்து வேரோடு எடுத்து, மீண்டும் கட்டுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், அது வேருக்கு முன் சுண்ணாம்பைத் தின்றுவிடும்.

கேள்வி: மேலூரில் பூட்டியிருந்த கான்கிரீட் வீட்டின் தளத்தில் கம்பி தெரிகிறது. பூசி மறைக்கலாமா?

பதில்: கூடாது. துரு பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது; துருவை நீக்காமல் பூசினால் அதுவும் விழும். பொறியாளர் பார்க்கும்வரை அதன் அடியில் யாரும் நிற்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா நகரில் ஆறு மாதம் பூட்டிய அடுக்குமாடி வீட்டில் சாக்கடை நாற்றம்.

பதில்: குளியலறை டிராப்பில், அதாவது நீர் தேங்கி நின்று சாக்கடை வாயுவைத் தடுக்கும் வளைவில், நீர் வற்றியிருக்கும். ஒரு வாளி நீர் ஊற்றுங்கள்; மறுபடி பூட்டும் முன் மேலே சிறிது சமையல் எண்ணெய் விட்டால் மெதுவாக வற்றும்.

கேள்வி: வாடகையின்றி உறவினரைக் குடிவைக்கலாமா?

பதில்: தாராளமாக. சாவியோடு ஏணியையும் கொடுத்து, தூம்புவாய் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வாருங்கள்.