ஆன்லைன் பட்டம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை
நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆன்லைன் பட்டப்படிப்பு பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: ஆன்லைனில் எம்.பி.ஏ. சேரப் போகிறேன். அந்தப் பல்கலைக்கழகம், உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடும் நாக் அமைப்பிடம் ஏ ப்ளஸ் ப்ளஸ் வாங்கியது. அது போதும்தானே? (திருப்பூர் வாசகர்)

போதாது, தம்பி. நாக் தரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுப்பது. ஆன்லைனில் பட்டம் கொடுக்க யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். அதுவும் எந்தப் படிப்பு, எந்தப் பருவம் என்று குறிப்பிட்டு வாங்கியிருக்க வேண்டும். பி.காம். நடத்த அனுமதி உள்ள இடத்தில் எம்.பி.ஏ.வுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவை ‘டெப்’ என்பார்கள். ஜனவரி-பிப்ரவரி, ஜூலை-ஆகஸ்ட் என்று பருவவாரியான பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கும். நீங்கள் சேரும் பருவத்தில் உங்கள் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 2024 முதல் மாணவர் அந்தத் தளத்தில் டெப் ஐடி எடுத்தால்தான் சேர முடியும். “ஐடியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல பணத்தைக் கட்டுங்க” என்று யாராவது சொன்னால் கிளம்பிவிடுங்கள்.

நாக் தரத்தையும் நான் அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். நல்ல தரம் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக்குழுவினரையே சிபிஐ கைது செய்தது.

கேள்வி: டிப்ளமோ முடித்து வேலையில் இருக்கிறேன். ஆன்லைனில் பி.இ. சிவில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார்கள். சேரலாமா? (ஓசூர்)

கூடாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம் எதையும் ஆன்லைனிலோ தொலைதூரக் கல்வியிலோ பட்டமாக நடத்த யுஜிசி விதியில் இடமில்லை. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபால்வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் கை வைத்தது. வேலையில் சேர்ந்து பதவி உயர்வும் வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. சைக்காலஜி? (நாகர்கோவில்)

2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் அதற்கும் தடை. நேரடிக் கல்லூரிக்குப் போங்கள்.

கேள்வி: என் மகளை ஒரு ‘கல்வி மையம்’ மூலம் வெளிமாநிலப் பல்கலைக்கழக பி.பி.ஏ.வில் சேர்த்தோம். வட்டியில்லாத் தவணை என்று சொல்லி ஓடிபி வாங்கினார்கள். பிளஸ் 2 சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது வகுப்பும் இல்லை, போனையும் எடுப்பதில்லை. தவணை மட்டும் மாதாமாதம் கணக்கில் கழிகிறது. (வேலூர் வாசகி)

அம்மா, தவறு உங்களுடையது இல்லை. நம்ப வைத்து ஏமாற்றுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அவர்கள்.

முதலில் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, மகளின் பெயர் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பல பேருக்கு உண்மை அப்போதுதான் தெரியவருகிறது. அசல் சான்றிதழைப் பல்கலைக்கழகமே பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே யுஜிசி அறிவித்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்கே இல்லாத உரிமை இந்த மையத்துக்கு எங்கிருந்து வந்தது? எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யுங்கள்.

இனி அந்தத் தவணை. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. மையம் உங்களுக்குத் தவணை எதுவும் கொடுக்கவில்லை. ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் கடன் வாங்கி, முழுத் தொகையையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டுவிட்டது. அதன் பிறகு வகுப்பு நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன, மையத்துக்கு நஷ்டமில்லை. கடன் மட்டும் உங்கள் தலையில். நானும் ஒரு மென்பொருள் பயிற்சியை இப்படித்தான் வாங்கினேன். பயிற்சி பாதியில் நின்றுபோனது, கடனைக் கடைசித் தவணை வரை கட்டி முடித்தேன். ‘வட்டியில்லை’ என்ற பேச்சு காதில் விழுந்ததுமே “கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் என்ன?” என்று கேட்க வேண்டும். கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளைக் கையில் வாங்காமல் ஓடிபி சொல்லக் கூடாது. கடனை ரத்து செய்துகொள்ள எவ்வளவு அவகாசம் என்பதும் அதில் இருக்கும்.

உங்களுக்கு அந்த அவகாசம் போய்விட்டது. தவணையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், கடன் வாங்கும் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் அடிபடும். நடந்ததைச் சொல்லி, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம். செலவில்லை.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். பட்டப்படிப்பை வெளி மையங்களுக்கு ‘பிரான்சைஸ்’ கொடுத்து நடத்தப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி இல்லை என்று யுஜிசி 2022-லேயே எச்சரித்தது. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: மூன்றே மாதத்தில், 2019 தேதி போட்டு பி.காம். சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். பாதிப் பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? (மதுரை)

நீங்கள் வாங்குவது போலி ஆவணம். அதைக் காட்டி வேலையில் சேர்ந்தால் வழக்கு உங்கள் மேலும் பாயும். பணம் கொடுப்பதற்கு முன்பு ஒரு நிமிடம் யோசித்திருக்கலாமே ஐயா? மீதியைக் கொடுக்காதீர்கள், போலீசில் சொல்லுங்கள்.

கேள்வி: சமூக சேவைக்காக எனக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தருகிறார்கள். விழாச் செலவு மட்டும் நான் தர வேண்டுமாம். (சேலம்)

பணம் கேட்டாலே போலி. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கிலேயே இப்படி ஒரு போலி விழா நடந்தது. பிரபலங்களே ஏமாந்தார்கள்.

கேள்வி: பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கினால் டிஎன்பிஎஸ்சி எழுதலாமா? (திண்டுக்கல் வாசகி)

பிளஸ் 2 இல்லாமல் வாங்கிய பட்டம் தமிழக அரசுப் பணிக்குச் செல்லாது. 10, பிளஸ் 2, பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும் என்று 2009-ல் அரசாணையே வந்தது. இதைச் சொல்லாமல் சேர்த்துவிட்ட மையங்களால் எத்தனையோ பெண்களின் பல வருட உழைப்பு வீணாகியிருக்கிறது. நீங்கள் முன்கூட்டியே கேட்டது பெரிய விஷயம். தனித்தேர்வராகவோ, என்ஐஓஎஸ் எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ பிளஸ் 2 முடித்துவிட்டு, அப்புறம் பட்டத்தில் சேருங்கள்.

கேள்வி: சரி, எங்கேதான் சேர்வது? (கோவை)

பெயர் சொல்லவே தயக்கமாக இருக்கிறது, பட்டியல் பருவத்துக்குப் பருவம் மாறும். செலவு குறைய வேண்டும் என்றால் முதலில் இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். கணக்கில் பிடிப்பு இருந்தால், சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு இருக்கிறது. அதில் சேர்வதற்கே தகுதிச் சுற்றைத் தாண்ட வேண்டும், தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அந்தக் கண்டிப்புதான் எனக்குப் பிடித்தது. எந்த இடமானாலும் தேர்வு எப்படி, எங்கே நடக்கிறது, பாடம் நடத்துபவர் யார், மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் மின்னஞ்சலில் வரட்டும்.

திரை முன் உட்கார்ந்து படிக்க நமக்கு ஒத்துவருமா என்ற சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில், ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடம் ஏதாவது ஒன்றில் சேர்ந்து பாருங்கள். பாடம் இலவசம், சான்றிதழுக்கான தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். 12 வார வகுப்பு ஒன்றை முடிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டத்துக்குப் பணம் கட்டுங்கள்.